காலையில் தல்மூத், மாலையில் ரியல் எஸ்டேட்: யூத 'யெஷிவா' மாணவர்கள் மதப் படிப்பையும் பிசினஸ் படிப்பையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில், வடக்கே வாஷிங்டன் ஹைட்ஸ் என்று ஒரு ஏரியா இருக்கிறது. அங்குள்ள யெஷிவா பல்கலைக்கழகத்துக்குள் காலை நேரத்தில் நுழைந்தால், பெரிய ஹால் முழுக்க இளைஞர்கள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து சத்தம் போட்டு விவாதித்துக்கொண்டிருப்பார்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஏதோ சண்டை நடப்பதுபோலத்தான் தெரியும். ஆனால் அவர்கள் படித்துக்கொண்டிருப்பது சுமார் 1,500 ஆண்டுகள் பழமையான ஒரு சட்டநூல்.

பிற்பகல் ஆனதும் அதே இளைஞர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கவுன்டிங், ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங் வகுப்புகளுக்குப் போகிறார்கள்.

ஒரே நாளில் இரண்டு படிப்பு. கேட்பதற்கு 'இதில் என்ன இருக்கிறது' என்று தோன்றலாம். ஆனால் யூத சமூகத்துக்குள் இது சாதாரண விஷயம் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய யெஷிவா ஒன்று இந்தப் பிரச்னையால் மூடப்பட்டது. இன்றும் நியூயார்க்கிலும் இஸ்ரேலிலும் அரசு, நீதிமன்றம், குடும்பம் என எல்லா இடத்திலும் இந்த வாதம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படி என்னதான் பிரச்னை? விரிவாகப் பார்ப்போம்.

யெஷிவா என்றால் என்ன?

யெஷிவா என்பது யூதர்களின் பாரம்பரிய மதக் கல்விக்கூடம். அங்கு முக்கியப் பாடம் தல்மூத். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட 'மிஷ்னா' என்ற சட்டத் தொகுப்பும், அதைப் பற்றி அடுத்த சில நூற்றாண்டுகளில் அறிஞர்கள் நடத்திய விவாதங்களும் சேர்ந்ததுதான் தல்மூத். இதில் அதிகம் படிக்கப்படுவது பாபிலோனிய தல்மூத். இருபக்கத் தாள் ஒன்றை ஒரு 'தஃப்' என்பார்கள். மொத்தம் 2,711 தஃப்கள். தினம் ஒரு தஃப் என்று படித்தால் முடிக்க ஏழரை ஆண்டுகள் ஆகும். 1923இல் தொடங்கிய இந்த 'தஃப் யோமி' முறையை உலகம் முழுக்கப் பலர் இன்றும் பின்பற்றுகிறார்கள். 13ஆவது சுற்று 2020 ஜனவரியில் முடிந்தது.

படிக்கும் முறையும் வித்தியாசமானது. 'ஹவ்ரூதா' என்ற முறையில் இரண்டு பேர் ஜோடி சேர்ந்து, ஒருவர் சொல்வதை இன்னொருவர் மடக்கி, கேள்வி கேட்டுப் படிப்பார்கள். அதன் பிறகுதான் ஆசிரியரின் வகுப்பு. பதிலை மனப்பாடம் செய்வதைவிட, எதிர்வாதத்தை உடைப்பதற்குத்தான் இங்கே மரியாதை.

திருமணம் ஆன பிறகும் உதவித்தொகை வாங்கிக்கொண்டு முழுநேரமாகப் படிப்பவர்களுக்கான கூடம் 'கொலேல்'.

மத நூலில் ரியல் எஸ்டேட்டுக்கு என்ன வேலை?

இங்கேதான் பலருக்கு ஆச்சரியம். தல்மூத் என்றால் பூஜை, பிரார்த்தனை மட்டும் இருக்கும் என்று நினைத்தால் தப்பு. அதில் ஒரு கணிசமான பகுதி சொத்து, வியாபாரம், கூலி, கடன், நஷ்டஈடு பற்றியதுதான்.

உண்மையில் யூத வேதத்திலேயே ரியல் எஸ்டேட் டீல்கள் இருக்கின்றன. ஆதியாகமத்தில் ஆபிரகாம் தன் மனைவி சாராளை அடக்கம் செய்வதற்காக எப்பெரோன் என்பவரிடம் மக்பேலா குகையையும் நிலத்தையும் 400 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். 'சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று விற்பவர் சொல்லியும், சாட்சிகள் முன்னிலையில் முழு விலையையும் எடைபோட்டுக் கொடுக்கிறார். எரேமியா தீர்க்கதரிசி, எருசலேமை எதிரிப் படை சூழ்ந்திருந்த நேரத்தில் 17 சேக்கலுக்கு ஒரு வயல் வாங்கி, பத்திரத்தை மண்பானைக்குள் வைக்கச் சொல்கிறார். சீல் வைத்த பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று என இரண்டும் அதில் இருந்தன.

தல்மூத்தில் இந்த விஷயங்களுக்கென்றே தொடர்ச்சியாக மூன்று பெரிய பகுதிகள் உண்டு. பாவா கம்மா, பாவா மெத்ஸியா, பாவா பத்ரா. தமிழில் சொன்னால் முதல் வாசல், நடு வாசல், கடைசி வாசல். முதல் வாசல் சேதமும் நஷ்டஈடும். நடு வாசல் தொலைந்த பொருள், வட்டி, கூலி, குத்தகை. கடைசி வாசல் முழுக்க முழுக்க பக்கத்து வீட்டுக்காரர், சுவர், ஜன்னல், நிலம், விற்பனை, வாரிசு.

சில உதாரணங்கள்:

- பொதுச் சுவர்: கூட்டாக முற்றம் வைத்திருக்கும் இருவர் நடுவில் சுவர் எழுப்ப ஒப்புக்கொண்டால், செலவு இருவருக்கும் பொது. பின்னாளில் சுவர் இடிந்தால், அந்த இடமும் கற்களும் இருவருக்கும் சொந்தம்.

- ஜன்னல் பிரச்னை: பொது முற்றத்தில், எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராக உங்கள் ஜன்னலைத் திறக்கக் கூடாது. அடுத்தவர் வீட்டுக்குள் பார்வை விழுவதே ஒரு வகைச் சேதம் என்கிறது தல்மூத்.

- குடியிருப்பில் கடை: முற்றத்துக்குள் ஒருவர் கடை திறந்தால், 'வருவோர் போவோர் சத்தத்தில் தூங்க முடியவில்லை' என்று பக்கத்து வீட்டுக்காரர் தடுக்கலாம்.

- தொழிற்சாலைக்குத் தூரம்: தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து 50 முழம் தள்ளி, அதுவும் ஊருக்குக் கிழக்கே மட்டும்தான் இருக்க வேண்டும். நாற்றம் ஊருக்குள் வரக் கூடாது என்பதுதான் காரணம். இன்றைக்கு 'ஸோனிங்' என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்.

- அனுபவ பாத்தியம்: ஒரு வீட்டில் மூன்று ஆண்டுகள் யாரும் ஆட்சேபிக்காமல் இருந்தவர் 'நான் இதை வாங்கினேன்' என்று சொன்னால், அவர் பத்திரம் காட்ட வேண்டியதில்லை. மக்கள் பத்திரத்தை மூன்று ஆண்டுகளுக்கு மேல் பத்திரமாக வைத்திருப்பதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் 'யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, அதனால் இருக்கிறேன்' என்று மட்டும் சொன்னால் செல்லாது.

- பக்கத்து நிலத்துக்காரருக்கு முன்னுரிமை: நிலத்தை விற்கும்போது, அதே விலைக்கு வாங்கத் தயாராக இருந்தால் எல்லையை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கே முதல் உரிமை. இதற்குப் பெயர் 'பார் மெத்ஸ்ரா'. ஆனால் வெளியாள் வீடு கட்டக் கேட்கிறார், பக்கத்து நிலத்துக்காரர் பயிர் வைக்கக் கேட்கிறார் என்றால், வீட்டுக்குத்தான் முன்னுரிமை. குடியேற்றம் முக்கியம் என்பது தல்மூத்தின் பார்வை.

இன்னொரு சுவாரஸ்யம். பொருளை அதன் சரியான விலையைவிட ஆறில் ஒரு பங்கு கூடுதலாக விற்றால், வாங்கியவர் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. ஆனால் மிஷ்னாவின்படி நிலத்துக்கு இந்த விதி பொருந்தாது. நிலத்துக்கு 'சரியான விலை' என்று ஒன்றைச் சொல்ல முடியுமா என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்கிறது. இதை வைத்து யெஷிவாக்களில் மணிக்கணக்கில் வாதம் நடக்கும்.

ஆக, யெஷிவாவில் சில ஆண்டுகள் படித்த மாணவர் பிசினஸ் லா வகுப்புக்கு வரும்போது ஒப்பந்தம், பங்குதாரர், அடமானம், பொறுப்பு என்ற சொற்கள் அவருக்குப் புதிதல்ல. புதிதாக இருப்பது எக்செல் ஷீட்டும், வரிச் சட்டமும்தான்.

வட்டி கூடாது... அப்போ ஹவுசிங் லோன்?

யூதர் இன்னொரு யூதரிடம் வட்டி வாங்குவதையும் கொடுப்பதையும் தோரா தடை செய்கிறது. ரியல் எஸ்டேட்டோ கடன் இல்லாமல் நகராத தொழில். அப்படியானால் எப்படி?

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழிதான் 'ஹேத்தர் இஸ்கா'. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போலந்தில் வடிவம் பெற்றது. பணம் கொடுப்பவரைக் கடன் கொடுத்தவராக மட்டும் பார்க்காமல், முதலீட்டாளராகவும் பார்க்கும் ஒப்பந்தம் இது. பணம் வாங்குபவர் அந்தத் தொழிலை நடத்தும் பங்குதாரர். லாபத்தில் பங்கு உண்டு. நஷ்டம் என்றால் அதற்கு சாட்சிகளைக் கொண்டு நிரூபிக்க வேண்டும். லாபம் எவ்வளவு என்பதற்குச் சத்தியம் செய்ய வேண்டும். 'இதெல்லாம் வேண்டாம்' என்றால், முன்பே பேசிய ஒரு தொகையைக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம். நடைமுறையில் எல்லோரும் செய்வது இந்தக் கடைசி வழியைத்தான்.

'இது வட்டிக்கு வேறு பெயர் தானே?' என்று கேட்கலாம். அந்தக் கேள்வி யூத அறிஞர்களுக்குள்ளும் உண்டு. உண்மையான முதலீட்டுக்குப் பொருந்தும் இந்த ஏற்பாடு, சொந்தச் செலவுக்கு வாங்கும் கடனுக்கும் பொருந்துமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனாலும் இஸ்ரேலில் உள்ள வங்கிகள் தங்கள் பரிவர்த்தனைகள் ஹேத்தர் இஸ்காவின்படி நடப்பதாகப் பொதுவான ஆவணம் வைத்திருக்கின்றன.

நாட்டுச் சட்டமா, மதச் சட்டமா?

3ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த சாமுவேல் என்ற அறிஞர் ஒரு கொள்கையை வகுத்தார். பணம், சொத்து, வரி விஷயங்களில் வாழும் நாட்டின் சட்டமும் கட்டுப்படுத்தும் சட்டமே என்பது அதன் சாரம். 'தினா தெமல்ஹூதா தினா' என்று இதைச் சொல்வார்கள். பல நாடுகளில் சிறுபான்மையாக வாழ்ந்த மக்களுக்கு இது மிகவும் தேவைப்பட்டது.

அதனால் நியூயார்க்கில் ஒரு கட்டடம் கைமாறினால், அந்த மாகாணச் சட்டப்படிதான் பதிவு நடக்கும். ஆனால் வாங்குபவரும் விற்பவரும் மதப்பற்றுள்ள யூதர்களாக இருந்து தகராறு வந்தால், இருவரும் சம்மதித்து 'பெத் தின்' என்ற ரப்பிகளின் நீதிமன்றத்துக்குப் போகலாம். 1960இல் தொடங்கப்பட்ட 'பெத் தின் ஆஃப் அமெரிக்கா' அதில் ஒன்று. இருவரும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டால், அமெரிக்க நடுவர் மன்றச் சட்டத்தின் கீழ் இந்தத் தீர்ப்பை சாதாரண நீதிமன்றமும் அமல்படுத்தும். ஒப்பந்தச் சட்டமும் தல்மூத்தும் இரண்டும் தெரிந்தவர்களுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

'கையில் ஒரு தொழில் வேண்டும்': இரண்டாயிரம் ஆண்டு வாதம்

தோரா படிப்போடு ஒரு தொழிலும் சேர்ந்திருப்பதே நல்லது, தொழில் இல்லாத படிப்பு கடைசியில் நிலைக்காது என்ற கருத்து மிஷ்னாவிலேயே இருக்கிறது. மகனுக்குத் தோரா சொல்லிக்கொடுப்பதைப் போலவே ஒரு தொழில் கற்றுக்கொடுப்பதும் அப்பாவின் கடமை என்கிறது தல்மூத். நீச்சலும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பார் சிலர். இறந்த பிறகு மனிதரிடம் கேட்கப்படும் கேள்விகளில் முதலாவது, 'வியாபாரத்தில் நேர்மையாக இருந்தாயா' என்பதுதான் என்றும் ஒரு பகுதி சொல்கிறது.

12ஆம் நூற்றாண்டின் மாபெரும் அறிஞர் மைமோனிடிஸ், தோரா படிப்பதையே காரணம் காட்டிப் பிறர் தர்மத்தில் வாழ்வதைக் கடுமையாகக் கண்டித்தவர். அவருடைய சொந்த வாழ்க்கையும் இதற்கு உதாரணம். அவர் தம்பி டேவிட் ரத்தின வியாபாரி. தம்பியின் சம்பாத்தியத்தில்தான் அண்ணன் படித்தார். வியாபாரத்துக்காக வந்த டேவிட் இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் மைமோனிடிஸ் நீண்டகாலம் படுக்கையில் கிடந்தார். பிறகு மருத்துவராக உழைத்து, எகிப்து அரசவை வரை போனார்.

அதே நூற்றாண்டில் ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வியாபாரி மங்களூரில் பல ஆண்டுகள் தங்கி மிளகு, இரும்பு வியாபாரம் செய்தார். வெண்கலப் பட்டறையும் வைத்திருந்தார். அவருடைய கடிதங்களும் கணக்குகளும் கெய்ரோவில் ஒரு பழைய ஜெபஆலயத்தின் காகிதக் குவியலில் கிடைத்தன. அவர் கவிதையும் மதச் சட்டமும் தெரிந்தவர். வியாபாரியும் படிப்பாளியும் ஒரே ஆளாக இருப்பது அன்றைக்குப் புதுமை இல்லை.

ஆனால் இன்னொரு மரபும் உண்டு. இசக்கார், செபுலோன் என்ற சகோதரக் கோத்திரங்களின் பெயரால் அறியப்படும் ஏற்பாடு அது. ஒருவர் வியாபாரம் செய்வார், இன்னொருவர் படிப்பார். பணத்திலும் படிப்பின் புண்ணியத்திலும் இருவருக்கும் பங்கு. இன்றைக்கும் பல கொலேல்கள் பணக்காரர்களின் நன்கொடையில் நடப்பதற்குப் பின்னால் இருக்கும் சிந்தனை இதுதான்.

மோதல் கடுமையானது 19ஆம் நூற்றாண்டில். இன்றைய பெலாரஸில் உள்ள வொலோஷினில் 1803இல் தொடங்கிய யெஷிவா, நவீன யெஷிவாக்களுக்கெல்லாம் தாய் என்று கருதப்படுகிறது. பொதுப் பாடங்களைச் சேர்க்கச் சொல்லி ரஷ்ய அரசு நெருக்கியது. அரசின் நிபந்தனைகளை நிர்வாகம் ஏற்காத நிலையில் 1892இல் யெஷிவா மூடப்பட்டது. ஜெர்மனியில் இதற்கு நேர்எதிர். ஃபிராங்க்ஃபர்ட்டில் ரப்பி சாம்சன் ரஃபேல் ஹிர்ஷ், மதத்தில் ஒரு துளி விட்டுக்கொடுக்காமலே பொதுக் கல்வியையும் சேர்த்துப் பள்ளி நடத்தினார்.

அமெரிக்காவில் கிடைத்த நான்கு வழிகள்

அமெரிக்காவுக்கு வந்த யூதர்கள் இந்த இரண்டு மரபையும் கூடவே கொண்டுவந்தார்கள். இன்று அங்கே சுமார் நான்கு வகை ஏற்பாடுகளைப் பார்க்கலாம்.

முதலாவது, ஒரே வளாகத்தில் இரண்டும். யெஷிவா பல்கலைக்கழகம் இதற்கு அடையாளம். 1886இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த நிறுவனம் இது. 1928இல் கல்லூரி, 1945இல் பல்கலைக்கழகம், 1954இல் பெண்களுக்கான ஸ்டெர்ன் கல்லூரி என்று விரிந்தது. 1987இல் துணிக்கடைத் தொழிலதிபர் சை சிம்ஸ் பெயரில் பிசினஸ் ஸ்கூல் வந்தது. 'தோரா உமத்தா' என்பதே இதன் கொள்கை. தோராவும் உலக அறிவும் என்று பொருள். பல மாணவர்கள் கல்லூரிக்கு முன் ஓரிரு ஆண்டு இஸ்ரேலில் யெஷிவாவில் படித்துவிட்டுத்தான் இங்கே சேர்கிறார்கள்.

இரண்டாவது, மதச் சூழலில் பொதுக் கல்லூரி. 1971இல் 35 மாணவர்களோடு வகுப்பு தொடங்கிய டூரோ கல்லூரி, இன்று பல்கலைக்கழகம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கல்லூரிகள், யெஷிவா நேரத்துக்கு இடைஞ்சல் வராத அட்டவணை என்று நடத்துகிறார்கள்.

மூன்றாவது, பகலில் யெஷிவா, இரவில் கல்லூரி. பால்டிமோரில் 1933இல் தொடங்கிய நேர் இஸ்ராயேல் யெஷிவா இதற்குப் பெயர்பெற்றது. மாணவர்கள் அனுமதி பெற்று, பக்கத்துப் பல்கலைக்கழகங்களில் மாலை வகுப்புக்குப் போகலாம்.

நான்காவது, முதலில் தல்மூத் மட்டும். தொழில் பிறகு. நியூஜெர்சியின் லேக்வுட்டில் 1943இல் ரப்பி ஆரோன் கோட்லர் தொடங்கிய பெத் மெத்ராஷ் கவோஹா இந்த வகை. பல ஆயிரம் பேர் படிக்கும் பெரிய நிறுவனம். தல்மூத் படிப்புக்கே அங்கீகரிக்கப்பட்ட பட்டம் தருகிறார்கள். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு சட்டம், அக்கவுன்டிங், பிசினஸ் மேற்படிப்புக்குப் போகிறவர்கள் உண்டு. பட்டமே வேண்டாம் என்று நேராகத் தொழிலுக்கு இறங்குபவர்களும் உண்டு.

ஏன் குறிப்பாக ரியல் எஸ்டேட்?

இதற்குப் பின்னால் மர்மம் எதுவும் இல்லை. நடைமுறைக் காரணங்கள்தான்.

முதல் காரணம், நுழைவு வாசல் அகலம். நியூயார்க் மாகாணத்தில் ரியல் எஸ்டேட் சேல்ஸ்பெர்சன் லைசென்ஸ் வாங்கக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை. 18 வயது ஆகியிருக்க வேண்டும். 77 மணி நேர வகுப்பு, அதன்பின் மாகாணத் தேர்வு. புரோக்கர் ஆக வேண்டுமென்றால் 20 வயதும் அனுபவமும் மேற்கொண்டு 75 மணி நேர வகுப்பும் வேண்டும். 25 வயது வரை தல்மூத் மட்டுமே படித்த, கையில் பட்டம் இல்லாத, வீட்டில் இரண்டு குழந்தைகள் உள்ள ஒருவருக்கு மருத்துவம், இன்ஜினியரிங் எல்லாம் எட்டாத தூரம். இது எட்டும்.

இரண்டாவது, நேரம். வெள்ளிக்கிழமை சூரிய அஸ்தமனம் முதல் சனிக்கிழமை இரவு வரை 'சபாத்'. அந்த நேரத்தில் வியாபாரம் பேசவே கூடாது. பண்டிகை நாட்களிலும் அப்படித்தான். தினமும் மூன்று வேளை பிரார்த்தனை, தல்மூத் வகுப்பு வேறு. நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் தொழில் இதற்குத் தோதாக இருக்கிறது.

மூன்றாவது, தேவை. மதப்பற்றுள்ள யூதர்கள் சபாத் அன்று வண்டி ஓட்ட மாட்டார்கள். அதனால் ஜெபஆலயத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு வேண்டும். குடும்பங்களும் பெரியவை. லேக்வுட் மக்கள்தொகை 2010இல் 92,843. 2020இல் 1,35,158. பத்தே ஆண்டில் 42,000 பேர் கூடினால், வீடு கட்டுபவர், விற்பவர், பத்திரம் சரிபார்ப்பவர், கடன் ஏற்பாடு செய்பவர் என்று எல்லோருக்கும் வேலை இருக்கும்தானே?

நான்காவது, நம்பிக்கை வலை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் பிற்பாடு பார்ட்னராக, முதலீட்டாளராக மாறுகிறார்கள். இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் எழுத்து இல்லாமல் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு தல்மூத்திலேயே நிறைய வழக்குகள் இருக்கின்றன!

முறையாகப் படிக்க விரும்புபவர்களுக்கு நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஷாக் இன்ஸ்டிடியூட் போல ரியல் எஸ்டேட்டுக்கென்றே தனிப் படிப்புகள் அந்த நகரில் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை

இதையெல்லாம் படித்துவிட்டு 'யூதர்கள் என்றாலே பணம்' என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அது பழைய, ஆபத்தான முத்திரை. இடைக்கால ஐரோப்பாவின் பல பகுதிகளில் யூதர்கள் நிலம் வைத்துக்கொள்ளவும், கைத்தொழில் சங்கங்களில் சேரவும் தடை இருந்தது. மிச்சமிருந்த தொழில்களில் வியாபாரமும் வட்டிக் கடையும் முக்கியமானவை. அதைச் செய்ய வைத்துவிட்டு, அதைச் சொல்லியே வெறுத்தார்கள். அமெரிக்காவிலும் கணிசமான ஹசிடிக் குடும்பங்கள் அரசு உதவியை நம்பி வாழ்கின்றன. கட்டடம் கட்டிப் பெரிய ஆளானவர் நம் கண்ணுக்குத் தெரிவார். வாடகைக்குத் திணறுபவர் தெரிய மாட்டார்.

எல்லோருக்கும் இந்த வாய்ப்பு கிடைக்கிறதா?

இல்லை. உண்மையான சிக்கலே இங்கேதான்.

தனியார் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளுக்கு 'கணிசமாக இணையான' கல்வி தர வேண்டும் என்று நியூயார்க்கில் 1895 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் சில ஹசிடிக் ஆண்கள் பள்ளிகளில் ஆங்கிலமும் கணக்கும் பெயரளவுக்குத்தான் நடக்கின்றன என்று அங்கே படித்தவர்களே குரல் எழுப்பினார்கள். வீட்டில் பேசுவது இட்டிஷ் மொழி. பள்ளியிலும் அதே. வெளியே வந்தால் ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்பவே கஷ்டம்.

2022 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட புலனாய்வுச் செய்தி பெரிய அதிர்வை ஏற்படுத்தியது. 2019இல் ஒரு பெரிய ஹசிடிக் ஆண்கள் பள்ளியில் தேர்வு எழுதிய ஆயிரத்துக்கும் அதிகமான மாணவர்களில் ஒருவர்கூடத் தேர்ச்சி பெறவில்லை என்றது அந்தச் செய்தி. அதே மாதம் மாகாணக் கல்வி வாரியம் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. 2023இல் நியூயார்க் நகரக் கல்வித்துறை, 18 யெஷிவாக்கள் தேவையான அடிப்படைக் கல்வியைத் தரவில்லை என்று முடிவு சொன்னது. ஆனால் 2025 மாகாண பட்ஜெட்டோடு இந்த விதிகள் தளர்த்தப்பட்டன.

சமூகத் தலைவர்களின் பதில் வேறு. பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பது பெற்றோரின் உரிமை, தல்மூத் படிப்பே மூளையைக் கூர்மையாக்கும், செய்திகள் ஒருதலைப்பட்சமானவை என்பது அவர்கள் வாதம். தல்மூத் தர்க்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் தர்க்கம் தெரிந்தவருக்கும் லைசென்ஸ் தேர்வின் கேள்வித்தாளைப் படிக்க ஆங்கிலம் வேண்டும். வாடகை வருமானத்தைக் கணக்குப் போட சதவீதம் தெரிய வேண்டும்.

இஸ்ரேலில் நிலைமை என்ன?

1948இல் பிரதமர் டேவிட் பென் குரியன், சுமார் 400 யெஷிவா மாணவர்களுக்கு ராணுவ சேவையிலிருந்து விலக்கு கொடுத்தார். 'தோராவே தொழில்' என்ற அடிப்படையில் கொடுத்த சலுகை அது. அந்த 400 பின்னர் பல்லாயிரக்கணக்கில் வளர்ந்தது. இதில் ஒரு கண்ணி இருந்தது. விலக்கு வேண்டுமென்றால் முழுநேரமும் படிக்க வேண்டும். வேலைக்கோ கல்லூரிக்கோ போனால் விலக்கு போய்விடும். இதனால் தொழில் கற்கும் வயதில் பலர் யெஷிவாவை விட்டு வெளியே வர முடியவில்லை.

இன்று இஸ்ரேல் மக்கள்தொகையில் 'ஹரேதி' எனப்படும் தீவிர மதப்பிரிவினர் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. ஹரேதி ஆண்களில் வேலையில் இருப்பவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். பெண்களில் இது சுமார் 80 சதவீதம்.

மாற்றத்துக்கான முயற்சிகளும் நடந்தன. ரப்பி ஒவாதியா யோசெஃபின் மகள் அதினா பார் ஷாலோம், 2001இல் ஜெருசலேமில் ஹரேதிகளுக்கான கல்லூரியைத் தொடங்கினார். இதற்காக 2014இல் இஸ்ரேல் விருதும் பெற்றார். ஓனோ கல்லூரி போன்ற நிறுவனங்கள் ஹரேதிகளுக்குத் தனி வளாகம் வைத்து சட்டம், பிசினஸ் சொல்லிக்கொடுக்கின்றன. ஆண், பெண் தனித்தனி வகுப்பு என்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று வழக்கு போனது. சில வரம்புகளோடு அனுமதிக்கலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் சேர்வது ஒன்று, முடிப்பது இன்னொன்று. 23, 24 வயதில் பள்ளிக் கணக்கையும் ஆங்கிலத்தையும் ஆரம்பத்திலிருந்து படித்து, குடும்பத்தையும் நடத்தி, பட்டம் வாங்குவது லேசான காரியம் அல்ல. ஹரேதி ஆண்களில் பாதியில் நிறுத்துபவர்கள் அதிகம்.

2024 ஜூன் 25 அன்று, விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை, யெஷிவா மாணவர்களையும் ராணுவத்துக்கு அழைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதனால் படிப்பா, தொழிலா என்ற பழைய கேள்வியோடு ராணுவமும் இப்போது சேர்ந்துகொண்டது.

வீட்டைத் தாங்கும் பெண்கள்

இந்தக் கதையில் பெண்களை விட்டுவிட முடியாது. போலந்தின் கிராக்கோவ் நகரில் 1917இல் சாரா ஷெனிரர் என்ற தையற்காரப் பெண் தொடங்கிய 'பெய்ஸ் யாக்கோவ்' பள்ளி, பின்னர் பெரிய இயக்கமானது. ஹரேதி பெண்கள் பொதுவாக தல்மூத் படிப்பதில்லை. அதனால் ஆங்கிலம், கணக்கு, அக்கவுன்டிங், கம்ப்யூட்டர் படிக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது. கணவர் கொலேலில் படிக்க, மனைவி சம்பாதித்து வீட்டை நடத்துவது பல குடும்பங்களில் சாதாரணம். வீட்டுவேலையும் பிள்ளை வளர்ப்பும் பெரும்பாலும் அவர் தலையில்தான்.

நவீன ஆர்த்தடாக்ஸ் பிரிவில் நிலைமை வேறு. ஸ்டெர்ன் கல்லூரியில் 1977இல் பெண்களுக்கான தல்மூத் வகுப்பை, அந்தக் காலத்தின் பெரிய அறிஞரான ரப்பி ஜோசப் சொலவெய்சிக் தாமே முதல் பாடம் நடத்தித் தொடங்கிவைத்தார். அங்கே பெண்களும் காலையில் மதப் பாடம், பிறகு ஃபைனான்ஸ் என்று படிக்க முடிகிறது.

மொத்தத்தில்...

மதப் படிப்பும் தொழில் படிப்பும் எதிரிகளா என்று கேட்டால், நூல்கள் 'இல்லை' என்றுதான் சொல்கின்றன. பக்கத்து வீட்டு ஜன்னல் முதல் பத்திரப் பானை வரை பேசும் ஒரு மரபில் ரியல் எஸ்டேட் அந்நியமான பாடமே அல்ல.

சண்டை நேரத்தைப் பற்றியது. எந்த வயதில், எவ்வளவு, யார் பணத்தில் என்பதைப் பற்றியது. 18 வயதில் இரண்டையும் கையில் வைத்திருக்கும் மாணவருக்கு வாசல்கள் திறந்திருக்கின்றன. 25 வயதில் கையில் ஒன்றுதான் இருக்கிறது என்று உணர்பவருக்கு, ஒவ்வொரு வாசலும் கூடுதல் விலை கேட்கிறது. அந்த விலையைக் கொடுக்கப் போவது மாணவரா, அவர் மனைவியா, சமூகமா, அரசா என்பதைத்தான் நியூயார்க்கும் ஜெருசலேமும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன.